ஒரு பல்கலைக்கழக அறிவியல் இதழை அளக்க பிப்ளியோஷைனி போதுமா?

பல்கலைக்கழகம் ஒன்று தானே நடத்தும் அறிவியல் ஆய்விதழில் ஆண்டுக்கு எத்தனை கட்டுரைகள் வெளிவருகின்றன, அவற்றை எழுதுபவர்கள் யார், தனியாக எழுதுகிறார்களா கூட்டாக எழுதுகிறார்களா, அவர்களில் எத்தனை பேர் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் என்பனவற்றைக் கணக்கெடுப்பது நூலகத் துறையில் நெடுநாளாக நடந்துவரும் வேலை. முன்பு பொருளடக்கப் பக்கங்களை வைத்துக்கொண்டு கையால் எண்ணி முடித்த இந்த வேலைக்கு இன்று இலவசக் கருவிகள் சில வந்துவிட்டன. அவற்றுள் ஆய்வேடுகளில் மிகுதியாகத் தென்படும் பிப்ளியோஷைனியை, இந்த ஒரு வேலைக்கு அது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்ற கோணத்தில் மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். பெரிய தரவுத்தளத்திலிருந்து ஒரு துறையின் பத்தாயிரம் கட்டுரைகளை இறக்கி ஆராய்பவருக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது. சில நூறு கட்டுரைகள் மட்டுமே கொண்ட ஒற்றை இதழைக் கையில் எடுத்திருப்பவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

பிப்ளியோமெட்ரிக்ஸ் என்பது, புள்ளியியல் கணக்குகளுக்குப் பயன்படும் ஆர் என்ற கணினி மொழியில் எழுதப்பட்ட திறந்த மூலத் தொகுப்பு. இத்தாலியைச் சேர்ந்த மாசிமோ அரியா, கொர்ராடோ குக்குருல்லோ ஆகிய இருவரும் இதை உருவாக்கி, 2017இல் ஜர்னல் ஆஃப் இன்ஃபர்மெட்ரிக்ஸ் இதழில் விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். பிப்ளியோஷைனி அந்தத் தொகுப்பின் முகப்பு. கணினி நிரல் எழுதத் தெரியாதவரும் உலாவியில் பட்டியல்களைத் தேர்ந்து, பொத்தான்களை அழுத்தி எல்லாக் கணக்குகளையும் போட்டுக்கொள்ள முடியும். ஆர் மொழியையும் ஆர்ஸ்டுடியோவையும் நிறுவிய பிறகு, தொகுப்பை இறக்க ஒரு வரி, அழைக்க ஒரு வரி, முகப்பைத் திறக்க ஒரு வரி, அவ்வளவுதான். துணைத் தொகுப்புகள் பல சேர்ந்து இறங்குவதால் முதல் நிறுவலுக்குப் பொறுமை வேண்டும். உலாவியில் தெரிந்தாலும் கணக்கு நடப்பது நம் கணினியிலேயே என்பதால், இன்னும் வெளியிடாத அட்டவணையை வேறொருவர் சேவையகத்தில் ஏற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. பதிப்பாசிரியர் குழுவின் உள்ளறிக்கைக்காக இதைச் செய்பவர்களுக்கு இது சிறிய வசதி அல்ல.

சிக்கல் தரவை உள்ளே கொடுக்கும் இடத்திலேயே தொடங்குகிறது. வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ், டைமென்ஷன்ஸ், லென்ஸ், பப்மெட் முதலிய தரவுத்தளங்களின் ஏற்றுமதிக் கோப்புகளை இந்தக் கருவி நேரடியாகப் படிக்கும். ஆனால் பல்கலைக்கழகங்கள் நடத்தும் அறிவியல் இதழ்களில் பெரும்பாலானவை முதல் இரண்டு தரவுத்தளங்களிலும் இடம்பெறுவதில்லை. இடம்பெற்ற இதழ்களுக்கும் பெரும்பாலும் சேர்க்கப்பட்ட ஆண்டிலிருந்துதான் பதிவுகள் கிடைக்கும். அதற்கு முந்தைய தொகுதிகள் பல நேரம் அங்கே இருக்காது. ஆகவே கருவியின் மிகச் சிறந்த வாசல் நம்மைப் போன்றவர்களுக்கு அநேகமாக மூடியே இருக்கிறது.

இந்த இடத்தில் ஓப்பன்அலெக்ஸ் கைகொடுக்கிறது. மைக்ரோசாஃப்ட் தனது கல்விசார் தரவுத்தொகுப்பை 2021 இறுதியோடு நிறுத்தியபோது, அவர்ரிசர்ச் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு அந்த இடத்தை நிரப்ப 2022 ஜனவரியில் தொடங்கிய திறந்த தரவுத்தளம் இது. பதிவுகளை யாரும் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். இதழை அடையாளம் காட்டும் ஐஎஸ்எஸ்என் எண்ணைக் கொடுத்துத் தேடிக் கிடைக்கும் கோப்பை பிப்ளியோஷைனியின் புதிய பதிப்புகளில் அப்படியே ஏற்றலாம். அச்சுப் பதிப்புக்கும் மின்பதிப்புக்கும் தனித்தனி ஐஎஸ்எஸ்என் இருக்கும் என்பதையும், இதழின் பெயர் கணிசமாக மாறினால் புதிய எண் வழங்கப்படும் என்பதையும் தேடுபவர் நினைவில் வைக்க வேண்டும். பல்கலைக்கழக இதழ்கள் பெயர் மாறுவதும், இயற்பியல் பிரிவு, உயிரியல் பிரிவு என்று இரண்டாகப் பிரிந்து பின்னர் மீண்டும் ஒன்றாவதும் வழக்கமாக நடப்பவை. ஒரே எண்ணைக் கொண்டு தேடியவருக்குக் கிடைப்பது இதழின் வரலாற்றில் ஒரு துண்டு மட்டுமே.

ஓப்பன்அலெக்ஸ் தரும் பதிவுகளின் தரமும் இதழ் நடத்துபவர்கள், கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணைப் பதிவு செய்யும் அமைப்பான கிராஸ்ரெஃபுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது. டிஓஐ பதிவு செய்யும்போது கட்டுரையாளரின் நிறுவனத்தைக் கொடுப்பது கட்டாயம் இல்லை என்பதால், சிறிய இதழ்கள் தலைப்பையும் பெயர்களையும் மட்டும் கொடுத்துவிட்டு நின்றுவிடுவது உண்டு. பதிப்பாசிரியர் குறிப்பு, நூல் மதிப்புரை, இரங்கல் குறிப்பு ஆகியனவும் கட்டுரை என்ற வகையிலேயே வந்து சேர்வது உண்டு. இவற்றை நீக்காமல் எண்ணினால் தனியாக எழுதப்பட்ட கட்டுரைகளின் எண்ணிக்கை பொய்யாக உயரும். பதிப்பாசிரியர் குறிப்பை ஒருவர்தான் எழுதுவார். ஆண்டுக்கு நான்கு இதழ் வந்தால் அவரே அந்த இதழின் முதன்மைக் கட்டுரையாளராகவும் பட்டியலில் ஏறிவிடுவார்.

ஆகவே என் பரிந்துரை, சில நூறு கட்டுரைகள் வரையில் அட்டவணையை நாமே எக்செலில் தட்டி உருவாக்குவதுதான். பிப்ளியோஷைனி தன்னுடைய சொந்த வடிவில் சேமித்த எக்செல் கோப்பைத் திரும்ப ஏற்றும் வசதியைத் தருகிறது. அந்த வடிவைப் பின்பற்றி ஒரு கட்டுரைக்கு ஒரு வரியாக நிரப்பினால் கருவி மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு நிரலுக்கும், அதாவது மேலிருந்து கீழாக வரும் ஒவ்வொரு பத்திக்கும், இரண்டெழுத்துத் தலைப்பு உண்டு: ஏயூ என்பதில் கட்டுரையாளர்கள், டிஐ என்பதில் தலைப்பு, பிஒய் என்பதில் ஆண்டு, சி1 என்பதில் நிறுவனங்கள், டிடி என்பதில் ஆவண வகை. ஒரு கட்டத்துக்குள் பல பெயர்கள் வந்தால் அரைப்புள்ளியால் பிரிக்க வேண்டும். அரைப்புள்ளிக்குப் பதில் காற்புள்ளி விழுந்துவிட்டால் மூன்று பேர் எழுதிய கட்டுரை ஒரே நீண்ட பெயருடைய ஒருவர் எழுதியதாக எண்ணப்படும். கருவி இதற்கு எச்சரிக்கை தருவதில்லை. ஆனால் கோப்பு ஏறியதும் அது காட்டும் நிறைவுநிலை அட்டவணை மிகப் பயனுள்ளது. எந்த நிரலில் எத்தனை விழுக்காடு வெற்றிடம் என்பதை மிக நன்று என்பதிலிருந்து முற்றிலும் இல்லை என்பது வரை தரம் பிரித்து அது முகத்துக்கு நேரே வைக்கிறது. நிறுவன நிரல் பாதி காலியாக இருக்கும்போது நிறுவனவாரிப் பகுப்பாய்வுக்குப் போகக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஆய்வேடு எழுதும் மாணவர்கள் தங்கள் அட்டவணைகளுக்கு முன்னால் இந்த ஒரு பக்கத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆண்டு நிரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக இதழ்கள் தாமதமாக வருவது எல்லோரும் அறிந்தது. 2019ஆம் ஆண்டுக்கான தொகுதி 2021இல் அச்சாகியிருக்கும். இரண்டு இதழ்கள் ஒன்றாகச் சேர்ந்து இரட்டை இதழாக வந்திருக்கும். பழைய தொகுதிகளுக்கு டிஓஐ பின்னர் ஒரே நாளில் வாங்கியிருந்தால், அவை அனைத்துக்கும் அந்த ஆண்டே வெளியீட்டு ஆண்டாகப் பதிவாகியிருக்கவும் கூடும். எந்த ஆண்டை எடுப்பது என்பது கருவிக்குத் தெரியாது. கொடுத்த எண்ணை அது வாங்கிக்கொள்கிறது. அட்டையில் அச்சிட்ட ஆண்டை எடுத்தால் இதழின் திட்டமிட்ட போக்கு தெரியும், உண்மையில் வெளிவந்த ஆண்டை எடுத்தால் பதிப்பு அலுவலகத்தின் நிலை தெரியும். இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் ஒரே அட்டவணையில் பாதிக்கு ஒன்றும் மீதிக்கு இன்னொன்றுமாகக் கலந்துவிட்டால் வரைபடத்தில் தோன்றும் ஏற்ற இறக்கத்துக்குப் பொருளே இருக்காது. என் அட்டவணைகளில் இரண்டுக்கும் தனித்தனி நிரல் வைத்து, பிஒய் நிரலில் அட்டை ஆண்டையே கொடுக்கிறேன்.

இனி, இந்த வேலையின் முதுகெலும்பான பெயர்ப் பிரச்சினை. பிப்ளியோமெட்ரிக்ஸ் கட்டுரையாளரைக் குடும்பப் பெயரும் முதலெழுத்துகளும் கொண்ட சுருக்க வடிவில் அடையாளம் காண்கிறது. எல்லோருக்கும் குடும்பப் பெயர் ஒன்று உண்டு, அது மாறாது என்ற எண்ணத்தில் கட்டிய வடிவம் இது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்பவர்கள், இரண்டு குடும்பப் பெயர் உடையவர்கள், திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்கள், ஒரே சில குடும்பப் பெயர்களைக் கோடிக்கணக்கானோர் பகிர்ந்துகொள்ளும் நாட்டினர் என எல்லோரும் இந்த வடிவத்துக்குள் பொருந்தாமல் நிற்கிறார்கள். எடுத்துக்காட்டாக, ஒரு தொகுதியில் எஸ். குமார் என்றும், அடுத்ததில் குமார் எஸ். என்றும், மூன்றாவதில் எஸ். ஆர். குமார் என்றும், நான்காவதில் முழுப்பெயரிலும் ஒருவரே அச்சாகியிருக்கலாம். கருவி இவரை நான்கு பேராக எண்ணும். அதே இதழில் வேதியியல் துறையில் ஒரு எஸ். குமாரும் விலங்கியல் துறையில் இன்னொரு எஸ். குமாரும் எழுதியிருந்தால் இருவரையும் ஒருவராக்கிவிடும். முதல் பிழை ஒருமுறை மட்டும் எழுதியவர்களின் எண்ணிக்கையை ஏற்றுகிறது. இரண்டாவது பிழை ஒரு போலியான மாபெரும் கட்டுரையாளரைப் படைக்கிறது. பத்தாயிரம் கட்டுரைகளின் நடுவே இவை கரைந்து போகலாம். முந்நூறு கட்டுரைகள் கொண்ட இதழில் முதல் பத்துக் கட்டுரையாளர்களின் பட்டியலே தலைகீழாகும்.

இதற்குக் கருவிக்குள் தீர்வு தேட வேண்டாம். ஏற்றுவதற்கு முன்பே எக்செலில் ஒரு பெயர் அதிகாரப் பட்டியல் தயாரிக்க வேண்டும்: அச்சில் கண்ட வடிவம் ஒரு நிரலில், ஏற்றுக்கொண்ட வடிவம் அடுத்த நிரலில், எதை வைத்து முடிவு செய்தோம் என்பது மூன்றாவது நிரலில். துறை, இணைந்து எழுதியவர்கள், ஆய்வுப் பொருள், மின்னஞ்சல் முகவரி ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு பொருந்தினால் ஒருவரே என்று கொள்வது என் வழக்கம். 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் கட்டுரையில் இருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. ஆனால் அதற்கு முந்தைய தொகுதிகளில் அது இருக்க வழியில்லை. யார் யாருடன் சேர்ந்து எழுதினார்கள் என்பது போன்ற வலைப்பின்னல் படங்களை வரையும் லைடன் பல்கலைக்கழகத்தின் வாஸ்வியூவர் என்ற கருவி இந்த விஷயத்தில் ஒரு படி மேல். மாற்று வடிவங்களையும் ஏற்ற வடிவத்தையும் இரண்டு நிரல்களாக எழுதிய சிறு கோப்பைக் கொடுத்தால், வலைப்பின்னல் வரையும்போது அதுவே பெயர்களைச் சேர்த்துக்கொள்கிறது. நாம் தயாரித்த அதிகாரப் பட்டியலின் முதல் இரண்டு நிரல்களே அந்தக் கோப்பு என்பதால் உழைப்பு இரட்டிப்பாவதில்லை.

இவ்வளவும் முடித்து அட்டவணையை ஏற்றினால், கருவியின் வேகம் உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. முதன்மைத் தகவல் என்ற திரையில் காலப்பகுதி, கட்டுரைகளின் எண்ணிக்கை, கட்டுரையாளர்களின் எண்ணிக்கை, தனியாக எழுதப்பட்டவை, ஒரு கட்டுரைக்குச் சராசரி ஆசிரியர்கள், பன்னாட்டுக் கூட்டின் விழுக்காடு அனைத்தும் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. ஆனால் இதே திரையில் உள்ள ஆண்டு வளர்ச்சி வீதத்தை அப்படியே எடுத்து எழுதக் கூடாது. அது முதல் ஆண்டின் எண்ணையும் கடைசி ஆண்டின் எண்ணையும் மட்டும் கொண்டு கூட்டு வட்டி முறையில் கணக்கிடப்படுவது; நடுவில் நடந்த எதையும் அது பார்ப்பதில்லை. முதல் ஆண்டில் 12 கட்டுரைகளும் பத்தாம் ஆண்டில் 30 கட்டுரைகளும் வந்த ஓர் இதழை எடுத்துக்கொள்வோம். வளர்ச்சி ஆண்டுக்கு ஏறத்தாழ 10.7 விழுக்காடு. பதினோராம் ஆண்டில் ஒரே ஓர் இதழ் மட்டும் வெளிவந்து 9 கட்டுரைகள் சேர்ந்திருக்கும் நிலையில் அந்த ஆண்டையும் அட்டவணையில் விட்டுவைத்தால், அதே இதழின் வளர்ச்சி கழித்தல் 2.8 விழுக்காடாகிவிடும். முற்றுப்பெறாத ஆண்டை வடிகட்டியில் நீக்குவது இரண்டு சொடுக்கு வேலை. அதைச் செய்யாமல் இதழ் சரிந்துவருகிறது என்று எழுதப்படும் முடிவுரைகள் ஒரு பதிப்பாசிரியர் குழுவின் பல்லாண்டு உழைப்பை அநியாயமாகக் குறைத்துக் காட்டுகின்றன.

வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது, இந்தக் கருவி கணக்கிட்டுத் தராததும் இத்தகைய ஆய்வேடுகளில் தவறாமல் வருவதுமான சார்பு வளர்ச்சி வீதத்தையும் இரட்டிப்புக் காலத்தையும் சொல்லியாக வேண்டும். திரண்ட எண்ணிக்கை என்பது முதல் ஆண்டிலிருந்து அந்த ஆண்டு வரை வந்த மொத்தம்; அடுத்தடுத்த ஆண்டுகளின் திரண்ட எண்ணிக்கைகளுடைய இயல்மடக்கைகளின் வேறுபாடே சார்பு வளர்ச்சி வீதம், 0.693ஐ அதனால் வகுத்து, அந்த மொத்தம் இரண்டு மடங்காக எடுக்கும் இரட்டிப்புக் காலம் காண்பது முறை. ஆண்டுக்குச் சரியாக 20 கட்டுரைகள் வெளியிடும், கூடாத குறையாத ஓர் இதழுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் ஆண்டில் வீதம் 0.693, மூன்றாம் ஆண்டில் 0.405, பத்தாம் ஆண்டில் 0.105. வீதம் குறைந்துகொண்டே போகிறது, இரட்டிப்புக் காலம் 1 ஆண்டிலிருந்து 6.6 ஆண்டாக ஏறுகிறது, ஆனால் இதழில் எந்த மாற்றமும் இல்லை. திரண்ட எண்ணிக்கையை அடிப்படையாக வைத்தால் கணிதம் இப்படித்தான் நடந்தாக வேண்டும். வளர்ச்சி படிப்படியாகக் குறைந்து வருகிறது என்று இந்த எண்களுக்குக் கீழே எழுதப்படும் வாக்கியம் இதழைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பிப்ளியோஷைனி இதைச் சேர்க்காமல் விட்டதை நான் குறையாகக் கருதவில்லை. ஆண்டுவாரி எண்ணிக்கையின் எளிய கோட்டு வரைபடத்தை அது தருகிறது. ஓர் இதழின் போக்கை அறிய அதுவே போதும்.

கூட்டுப் படைப்பை அளப்பதில் அப்படிச் சொல்ல முடியாது. கருவி தருவது தனி ஆசிரியர் கட்டுரைகளின் எண்ணிக்கையும் சராசரி ஆசிரியர் எண்ணிக்கையும்தான். இவற்றைக் கொண்டு, 1983இல் சுப்பிரமணியம் முன்வைத்த கூட்டு வீதத்தை, அதாவது மொத்தக் கட்டுரைகளில் பலர் சேர்ந்து எழுதியவற்றின் பங்கை, மனக்கணக்காகவே கண்டுவிடலாம். ஆனால் அந்த வீதம் இரண்டு பேரையும் இருபது பேரையும் ஒன்றாகவே பார்க்கும். பத்துக் கட்டுரைகளில் 2 தனியாகவும், 5 இருவராலும், 3 மூவராலும் எழுதப்பட்டிருந்தால் கூட்டு வீதம் 0.8. இன்னோர் இதழில் 2 தனியாகவும் மீதி 8 கட்டுரைகளும் ஆறு ஆறு பேராலும் எழுதப்பட்டிருந்தாலும் அதே 0.8தான். அஜிஃபெருக்கே, பரெல், டாக் மூவரும் 1988இல் தந்த கூட்டுக் கெழு இந்த இடத்தில் நல்ல தீர்வு. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒன்றை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்து, அவற்றின் சராசரியை ஒன்றிலிருந்து கழிப்பதே முறை. முதல் இதழுக்கு 0.45, இரண்டாவதற்கு ஏறத்தாழ 0.67 என்று வேறுபாடு பளிச்செனத் தெரிகிறது. இவ்வளவு எளிய ஒரு கெழுவைக் கருவி தானே தராதது வருத்தமே. எக்செலில் ஆசிரியர் எண்ணிக்கைக்கு ஒரு நிரல் வைத்திருந்தால் ஒரே சூத்திரத்தில் முடிந்துவிடும் என்பதால், ஆண்டுவாரியாக இதை வெளியே கணக்கிட்டுச் சேர்த்துக்கொள்ளுமாறு சொல்வேன். கூட்டுக் குறியீடு என்ற பெயரில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: லவானி 1980இல் சொன்னது எல்லாக் கட்டுரைகளின் சராசரி ஆசிரியர் எண்ணிக்கை, பிப்ளியோமெட்ரிக்ஸின் பழைய பதிப்புகள் அதே பெயரில் தந்தது பலர் எழுதிய கட்டுரைகளை மட்டும் கொண்டு போட்ட கணக்கு. இரண்டு ஆய்வேடுகளின் எண்களை ஒப்பிடும் முன் சூத்திரத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒருமுறை எழுதியவர்கள் எத்தனை பேர், பலமுறை எழுதியவர்கள் எத்தனை பேர் என்ற பரவலைச் சொல்லும் லோட்கா விதிக்கு இந்தக் கருவி ஒரு தனிப் பக்கமே ஒதுக்கியிருக்கிறது. படம் அழகாக வருகிறது, அடுக்கெண்ணும் பொருத்தச் சோதனையும் உடன் வருகின்றன. 1926இல் ஆல்ஃபிரட் லோட்கா, கெமிக்கல் ஆப்ஸ்ட்ராக்ட்ஸின் 1907 முதல் 1916 வரையிலான பத்தாண்டுச் சுட்டியில் ஏ, பி எழுத்துகளில் தொடங்கும் 6,891 பெயர்களையும், இயற்பியல் வரலாற்று அட்டவணை ஒன்றிலிருந்து 1,325 பெயர்களையும் எண்ணி, ஒரு கட்டுரை மட்டும் எழுதியவர்கள் ஏறத்தாழ 60 விழுக்காடு என்றும், எழுதிய எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் ஆட்கள் குறைவார்கள் என்றும் கண்டார். அவர் எண்ணியது ஒரு துறை முழுவதன் இலக்கியத்தை. அதிலும் கூட்டுக் கட்டுரைகளை மூத்த ஆசிரியர் ஒருவர் கணக்கில் மட்டுமே வைத்தார். ஒரு பல்கலைக்கழக இதழில் நாம் எண்ணுவதோ, பல இடங்களில் எழுதுபவர்கள் இந்த ஓரிடத்தில் எழுதியதை மட்டும். அதிலும் எல்லாக் கூட்டாசிரியர்களையும் சேர்த்து. பட்டத்துக்காக ஒரு கட்டுரை வெளியிட்டுவிட்டுப் போகும் மாணவர்கள் நிறைந்த இதழில் ஒருமுறை எழுதியவர்களின் பங்கு 60ஐத் தாண்டி மிக உயரவே செய்யும். ஆகவே விதி பொருந்தவில்லை என்று வந்தால் அதைக் குற்றமாகப் படிக்க வேண்டாம். நான் இந்தப் பக்கத்தைப் பயன்படுத்துவது வேறொன்றுக்கு: ஐந்து, ஆறு முறைக்கு மேல் எழுதியவர்கள் யார், அவர்கள் பதிப்பாசிரியர் குழுவில் இருந்த ஆண்டுகளிலேயே அந்தக் கட்டுரைகள் வந்தனவா என்று திரும்பிப் பார்ப்பதற்கு.

யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் கருவி இரண்டு வழியையும் தருகிறது: முழு எண்ணிக்கை, பகுத்த எண்ணிக்கை. நான்கு பேர் எழுதிய கட்டுரையில் ஒவ்வொருவருக்கும் ஒன்று என்பது முதல் வழி, கால் என்பது இரண்டாவது. துகள் இயற்பியலில் 2015இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸில் வந்த ஹிக்ஸ் துகளின் நிறை பற்றிய கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்குமே போயிற்று. அப்படிப்பட்ட ஒன்று அட்டவணைக்குள் வந்தால் முழு எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை. பல்கலைக்கழக இதழுக்கு அந்தப் பயம் இல்லை என்றாலும், வேதியியலில் ஐந்தாறு பேர் சேர்வதும் கணிதத்தில் ஒருவர் இருவராக எழுதுவதும் ஒரே இதழுக்குள் நடப்பதால், பகுத்த எண்ணிக்கையையே முதன்மையாக வைப்பது துறைகளுக்கிடையே நியாயம். கணிதத்தில் பெயர்கள் அகர வரிசையில் வருவது மரபு என்பதால், முதல் ஆசிரியருக்குக் கூடுதல் மதிப்பு தரும் முறையை இத்தகைய கலவை இதழில் தவிர்க்க வேண்டும். வாஸ்வியூவரில் வலைப்பின்னல் வரையும்போது மிகுந்த ஆசிரியர்கள் உள்ள கட்டுரைகளை ஒதுக்கும் வசதி உண்டு; எல்லை 25 பேர் என்று முன்னமே வைக்கப்பட்டிருக்கிறது. படங்களின் தெளிவில் அதுதான் முந்துகிறது. பிப்ளியோஷைனியின் கூட்டு வலைப்பின்னலில் சிறு இதழ்களின் தனித்தனிக் குழுக்கள் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், பெயர்களைப் படிப்பதற்கே அமைப்புகளைப் பலமுறை மாற்ற வேண்டியிருக்கிறது.

இந்த வகை இதழுக்கு மிக முக்கியமான அளவை இந்தக் கருவி நேரடியாகத் தருவதே இல்லை. பிற நாட்டவர் எத்தனை பேர் என்று அது கேட்கிறது. நாம் கேட்க வேண்டியது, இதழை நடத்தும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதை. யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களின் பட்டியலான டிஓஏஜே, பதிப்பாசிரியர் குழுவினரோ மதிப்பீட்டாளர்களோ கட்டுரையாளராக இடம்பெறும் ஆய்வுக் கட்டுரைகள் ஓர் இதழின் அண்மைய இரண்டு வெளியீடுகளில் எதிலும் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் சேர விரும்பும் ஒரு பல்கலைக்கழக இதழ் தன்னைத் தானே அளந்துகொள்ள வேண்டிய முதல் அளவு இதுவே. பிப்ளியோஷைனி நிறுவனவாரிப் பட்டியல் தரும். ஆனால் துறைப் பெயர், பல்கலைக்கழகப் பெயரின் சுருக்கம், பழைய பெயர், புதிய பெயர் எல்லாம் தனித்தனி நிறுவனங்களாக நின்று எண்ணிக்கையைச் சிதறடிக்கும். எக்செல் அட்டவணையில் அகம் (எல்லோரும் அதே பல்கலைக்கழகத்தவர்), புறம் (எல்லோரும் வெளியார்), கலப்பு என்ற மூன்று மதிப்புகள் கொண்ட ஒரு நிரலும், பதிப்பாசிரியர் குழுவினர் உண்டா இல்லையா என்று இன்னொரு நிரலும் வைத்து, ஆண்டுவாரியாக எண்ணிவிடுவதே சரியான வழி. அட்டவணையை உருவாக்கும் நேரத்தில் ஒரு கட்டுரைக்கு அரை நிமிடம் கூடுதலாகச் செலவாகும். பின்னர் அதற்காக மீண்டும் எல்லாத் தொகுதிகளையும் புரட்டுவதாக இருந்தால் நாள்கணக்கில் போகும். புறக் கட்டுரைகளின் பங்கு ஆண்டுதோறும் கூடுகிறதா என்பதைக் காட்டும் கோடு, இதழைப் பற்றிய மற்ற எல்லா வரைபடங்களையும்விடப் பயனுள்ள செய்தியைச் சொல்லும்.

மற்ற பகுதிகளை விரைவாகக் கடக்கலாம். ஒரு துறையின் கட்டுரைகள் எந்தெந்த இதழ்களில் குவிகின்றன என்பதைச் சொல்லும் பிராட்ஃபோர்டு விதிப் பக்கம் பல இதழ்களை ஒப்பிடுவதற்கானது. ஒற்றை இதழுக்கு அதில் வேலையே இல்லை, ஆனாலும் சில ஆய்வேடுகளில் அந்தப் படம் ஒட்டப்பட்டிருப்பதைக் காண்கிறேன். மேற்கோள் பகுப்பாய்வு, கையால் தட்டிய அட்டவணையில் மேற்கோள் நிரல் இல்லாததால் காலியாகவே வரும். குறிச்சொற்களை வைத்து வரையும் கருப்பொருள் வரைபடம், இயற்பியலும் தாவரவியலும் கலந்த இதழில் துறைப் பிரிவுகளையே திரும்பக் காட்டுவதால் புதிதாக எதுவும் தெரிவதில்லை. ஆனால் கட்டுரையாளர்களின் காலவாரி உற்பத்திப் படம் அருமையானது. ஒருவர் எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் நின்றார் என்பதைக் கோடும் புள்ளிகளுமாக அது காட்டும்போது, ஒரு துறைத் தலைவர் ஓய்வு பெற்ற ஆண்டில் அந்தத் துறையின் கட்டுரைகளே நின்றுபோயிருப்பது போன்றவை கண்ணில் படுகின்றன. எண் அட்டவணையில் அது தெரியாது.

முடிவுகளை வெளியே எடுப்பதிலும் கருவி தாராளமானது. ஒவ்வொரு அட்டவணையையும் எக்செலாகவும், ஒவ்வொரு படத்தையும் தேவையான தெளிவில் கோப்பாகவும் சேமிக்கலாம். தேர்ந்தெடுத்த பகுதிகளை ஒரே அறிக்கைக் கோப்பில் சேர்த்துக்கொண்டே போகும் வசதி, கட்டுரை எழுதும் நேரத்தில் எந்தப் படம் எந்த அமைப்பில் வரைந்தது என்ற குழப்பத்தைத் தவிர்க்கிறது. பதிப்புக்குப் பதிப்பு கணக்கிடும் முறையும் பட்டியல்களின் பெயர்களும் மாறியிருப்பதால், எந்தப் பதிப்பில் செய்தோம் என்பதை முறையியல் பகுதியில் எழுத வேண்டும்.

பல்கலைக்கழக இதழை அளக்க முனைபவருக்கு என் பரிந்துரை இதுதான்: உழைப்பில் பெரும்பங்கை எக்செல் அட்டவணைக்கும் பெயர் அதிகாரப் பட்டியலுக்கும் கொடுங்கள், ஆண்டுவாரி எண்ணிக்கை, கட்டுரையாளர் தரவரிசை, காலவாரிப் படம் ஆகியவற்றுக்கு பிப்ளியோஷைனியை நம்புங்கள், வலைப்பின்னலுக்கு வாஸ்வியூவரை எடுங்கள், கூட்டுக் கெழுவையும் அகப்புற விகிதத்தையும் நீங்களே கணக்கிடுங்கள். கருவியை உருவாக்குபவர்கள் அடுத்துவரும் பதிப்புகளில் பெயர் அதிகாரப் பட்டியலை ஏற்ற ஒரு வழியும், ஏதாவதொரு நிறுவனத்தைத் தாய் நிறுவனமாகக் குறித்து அதன் பங்கை ஆண்டுவாரியாகப் பார்க்க ஒரு வழியும் தந்தால், தரவுத்தளங்களுக்கு வெளியே நிற்கும் ஆயிரக்கணக்கான சிறு இதழ்களுக்கும் இது முழுமையாகப் பயன்படும்.